ஆதிச்சநல்லூர் புலியும் நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையும்

கீழடி, ஆதிச்சநல்லூர், சிவகளை என்று ஏதாவது ஒரு பெயர் செய்தியில் வந்துவிட்டால் போதும். அன்று மாலைக்குள் நம் வாட்சப் குழுக்கள் முழுவதும் முதுமக்கள் தாழியும் வெண்கலப் புலியும் நிறைந்துவிடும். கூடவே ஒரு வரி வரும், "இது எங்கள் பாட்டன் பூட்டன் சொத்து" என்று. அந்த 'எங்கள்' யார் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள் தோழர்களே. ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்கும் ஒவ்வொரு 'எங்கள்' இருக்கும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் செத்துப்போனவருக்கு இன்று சாதிச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க அத்தனை பேர் பேனாவோடு நிற்கிறார்கள்.

நாங்கள் இந்தக் கட்டுரையில் பேச நினைப்பது அந்தப் புலியைப் பற்றித்தான். ஆனால் புலியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட முடியவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. நாகர்கோவிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரே 1899 தொடங்கிச் சில பருவங்கள் தோண்டினார். பிரான்சிலிருந்து லூயி லபீக்கும் வந்து தோண்டிப் பாரிசுக்குக் கொண்டுபோனார். 114 ஏக்கர் இடுகாடு அது. தாழி தாழியாக மனிதர்கள். கூடவே இரும்பு ஆயுதங்கள், மெல்லிய தங்கப் பட்டங்கள், மண்கலங்கள், வெண்கலப் பாத்திரங்கள்.

வெண்கலப் பாத்திரங்களின் மூடிகளில்தான் விலங்குகள் வருகின்றன. எருமை, ஆடு, சேவல் ஆகியவை வீட்டு விலங்குகள். புலி, மான், யானை ஆகியவை காட்டு விலங்குகள். ரே 1915இல் வெளியிட்ட பட்டியலில் இப்படித்தான் பிரித்திருக்கிறார். எருமையும் புலியும் ஒரே கைவேலைப்பாட்டில், ஒரே மதிப்போடு வார்க்கப்பட்டிருப்பது எங்களுக்குப் பிடித்த விஷயம். பின்னால் வந்த சமூகம் எருமையை எமனோடு சேர்த்து இழிவுபடுத்தி, அதை மேய்ப்பவரையும் அதன் தோலை உரிப்பவரையும் சேர்த்து ஒதுக்கியது. இந்த மூடிகளைச் செய்தவருக்கு அந்த அருவருப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

ரே எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சோழர் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போய், நடராசரையும் அர்த்தநாரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருப்பது மானுடவியல் பிரிவில். அதாவது, கடவுள் உருவம் என்றால் கலை. செத்தவனோடு புதைத்த புலி என்றால் மானுடவியல். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கும்.

அந்தப் பிரிவின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கையில் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய், சாதி வாரியாக மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' அவருடைய வேலை. ஒரு பக்கம் உயிரோடு இருக்கிற பறையரையும் இருளரையும் நிறுத்தி மூக்கை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், இன்னொரு பக்கம் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1930இல் சூக்கர்மன் அந்த மண்டையோடுகளைப் பற்றி எழுதிய ஆய்வை அதே அருங்காட்சியகம்தான் வெளியிட்டது. மண்டை அளவை வைத்து மனிதரை இனம் இனமாக அடுக்கும் அந்த அறிவியல் இன்று செத்துவிட்டது. ஆனால் 'இந்த எலும்பு யாருடைய சாதி' என்ற கேள்வி சாகவில்லை. வெள்ளைக்காரன் அளவுகோலோடு கேட்டதை இப்போது நம்மவர்கள் மரபணு அறிக்கையோடு கேட்கிறார்கள்.

செய்த கைக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. சாதாரண வெண்கலத்தில் வெள்ளீயம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆதிச்சநல்லூர்க் கலங்கள் சிலவற்றைச் சோதித்தபோது வெள்ளீயம் 23 சதவீதம் அளவுக்கு இருந்தது தெரிந்தது. இவ்வளவு வெள்ளீயம் சேர்த்தால் உலோகம் பொன் மாதிரி மின்னும். ஆனால் ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டி விரித்து, சட்டென்று தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. வெப்பமானி இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அந்த அளவைக் கண்டுபிடித்த ஆள் ஒருவர் இருந்தார். ஆளா, பெண்ணா, ஒரு குடும்பமே சேர்ந்து செய்த வேலையா, தெரியாது. மெழுகில் புலியைப் பிடித்துவைத்து வார்க்கிற வேலை அதற்கு மேல் தனி. வெள்ளீயமோ இந்த மண்ணில் தோண்டி எடுக்கிற சரக்கல்ல. எங்கிருந்தோ வாங்கி, யார் தலையிலோ சுமந்து வந்தது.

இந்த வித்தை அப்படியே அழிந்துபோகவும் இல்லை. பழைய திருவிதாங்கூரில், ஆறன்முளையில் இன்றைக்கும் உலோகக் கண்ணாடி வார்க்கிறார்கள். அதில் வெள்ளீயம் இன்னும் அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கேரளத்தில் உயர்வெள்ளீயக் கிண்ணங்களைச் சூட்டில் தட்டி முக்கும் முறையை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் பதிவு செய்து, அதை ஆதிச்சநல்லூர்க் கலங்களோடு ஒப்பிட்டிருக்கிறார். ஐ.ஐ.டி.யில் உலோகவியல் என்று படித்தால் அது அறிவியல், பட்டறையில் தலைமுறையாகச் செய்தால் அது குலத்தொழில். நம் ஊரில் அறிவுக்கும் உழைப்புக்கும் நடுவே சாதி போட்ட வேலி இதுதான். தோல் பதனிடுவதில் எத்தனை வேதியியல் இருக்கிறது, பறைக்குச் சூடு காட்டுவதில் எத்தனை இயற்பியல் இருக்கிறது என்று நம் பிள்ளைகளின் எந்தப் பாடப்புத்தகம் சொல்கிறது?

சரி, அந்தப் புலி யாருடையது?

நம் தோழர்களிடமும் இதில் இரண்டு கருத்து உண்டு. 'எல்லாச் சாதிக்காரனும் உரிமை கொண்டாடும்போது நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும், ஆதிகுடி நாம்தானே, ஆதிச்சநல்லூர் நம்முடையது என்று ஓங்கிச் சொல்ல வேண்டும்' என்பது ஒன்று. இதை நாங்கள் இளக்காரமாகப் பார்க்கவில்லை. வரலாறே இல்லாதவன் என்று சொல்லிச் சொல்லி ஒடுக்கப்பட்ட மக்கள், 'எனக்கும் வரலாறு உண்டு' என்று எழுந்து நிற்பது பெரிய அரசியல். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் செய்தது அதைத்தான். நம்மைத் தாழ்ந்தவராக எழுதிய ஏட்டையே திருப்பி வாசித்துக் காட்டினார் அவர்.

ஆனால் பண்டிதர் செய்ததும் இன்றைக்கு 'ஆண்ட பரம்பரை' வாட்சப்காரர்கள் செய்வதும் ஒன்றல்ல. சாதி என்பதே பிற்காலச் சூழ்ச்சி என்று நிறுவத்தான் அவர் பழைமையைத் தேடினார். இவர்களோ தங்கள் சாதியே பழைமையானது என்று நிறுவத் தேடுகிறார்கள். இந்த ஓட்டப்பந்தயத்தில் நாமும் ஒரு எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினால், பந்தயத்தின் விதியை ஒத்துக்கொண்டவர்கள் ஆகிவிடுவோம். மூத்தவன் எவனோ அவனுக்கே மரியாதை என்பதுதானே அந்த விதி? நேற்று வந்தவனுக்கும் இன்றைக்குப் பிறந்த குழந்தைக்கும் அதே மரியாதை உண்டு என்பது நம் விதி. அதனால் எங்கள் நிலைப்பாடு, புலிக்கு நாம் வாரிசுரிமை வழக்குப் போட வேண்டாம் என்பது.

அதற்காக ஆதிச்சநல்லூரைச் சாதியில்லாத பொற்காலம் என்று கொண்டாடவும் நாங்கள் தயாராக இல்லை. மேடைகளில் இதையும் கேட்கிறோம். 'அன்று சமத்துவம் இருந்தது, ஆரியம் வந்து கெடுத்தது' என்று முடித்துவிடுவார்கள். தோண்டியதைப் பார்த்தால் எல்லாத் தாழியிலும் வெண்கலம் இல்லை. தங்கப் பட்டம் அதைவிட அரிது. சிலரோடு புலி மூடிபோட்ட கலம் போயிற்று, பலரோடு வெறும் மண்கலம் போயிற்று. தாழிகூடக் கிடைக்காமல் போனவர் இருந்திருந்தால் அவரைப் பற்றித் தொல்லியல் எதுவும் சொல்லாது, ஏனென்றால் அவருக்கு அடையாளம் இல்லை. ஏற்றத்தாழ்வு இருந்திருக்கிறது. அது நமக்குத் தெரிந்த தீண்டாமையாக இருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். 2019இல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கரிமப் பகுப்பாய்வு முடிவு, இரண்டு மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்று காட்டியது. அந்த முடிவைப் பெறுவதற்கே எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட வேண்டியிருந்தது. 2004இல் தோண்டியதற்கு 2019இல் முடிவு. பழம்பெருமை பேசும் ஆட்கள் குறைவில்லை, அறிக்கை எழுதத்தான் ஆளில்லை.

இங்கே ஒரு நிமிடம் மகாராஷ்டிரத்துக்குப் போய் வருவோம். அப்போது அகமதுநகர் எனப்பட்ட மாவட்டத்தில், பிரவரா ஆற்றங்கரையில் தைமாபாத் என்ற ஊர். 1974இல் சாபு லட்சுமண் பீல் என்ற விவசாயி ஒரு புதரின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் தட்டுப்பட்டவை நான்கு வெண்கலப் பொருள்கள். ஒரு காண்டாமிருகம், ஒரு யானை, ஒரு எருமை, காளைகள் பூட்டிய ஒரு தேர். காண்டாமிருகம் 19 சென்டிமீட்டர் உயரம், கீழே சக்கரங்கள். இன்றைக்கு மகாராஷ்டிரத்தில் காண்டாமிருகமே கிடையாது. பிந்தைய அரப்பா காலத்தவை என்பது பரவலான கருத்து. உலோகத்தில் ஆர்செனிக் இருக்கும் அளவை வைத்து அந்தக் காலக்கணிப்பைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. விலங்குகள் மும்பை அருங்காட்சியகத்துக்குப் போயின.

நமக்கு முக்கியமானது அந்தப் பெயர். பீல் என்பது பழங்குடிப் பெயர். இந்தியத் தொல்லியலில் ஒரு பழங்குடி உழவரின் பெயர் ஒரு கண்டுபிடிப்போடு சேர்ந்து அச்சில் நிற்பது அபூர்வம். அவர் தனியாக, தன் வேலையின் நடுவே கண்டெடுத்ததால்தான் அந்தப் பெயர் தப்பியது. ஒரு அதிகாரி கூடாரம் போட்டு, கூலிக்கு ஆள் வைத்துத் தோண்டியிருந்தால் அவர் 'கூலியாள்' ஆகியிருப்பார், அதிகாரி 'கண்டுபிடித்தவர்' ஆகியிருப்பார். ஆதிச்சநல்லூரில் அதுதான் நடந்தது. ரேயின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் பரம்பின் கெட்டி மண்ணைக் கடப்பாரையால் கொத்தி, தாழி உடையாமல் கையால் மண்ணை வழித்தெடுத்து, கூடையில் சுமந்தவர்கள் யார்? நூறாண்டாக எழுதுகிறவர்கள் யாரும் கேட்கவில்லை.

இன்றும் அகழாய்வுக் குழிகளில் குனிந்து நிற்பவர்கள் அந்தந்த ஊர்க் கூலித் தொழிலாளர்கள்தான், அதிலும் பெண்கள் நிறைய. மண்ணின் நிறம் மாறும்போது முதலில் கவனிப்பது அவர்கள் கண். பானை ஓட்டுக்கும் கல்லுக்கும் வித்தியாசத்தை விரல் நுனியில் உணர்வது அவர்கள். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள், "அறிக்கையோட கடைசியில ஒரு பக்கம் அவங்க பேரு போட்டா என்ன குறைஞ்சிரும்?" ஒன்றும் குறையாது. சினிமாவில் டீ கொடுத்தவர் பெயர்வரை ஓடுகிறது.

இனி தலைப்பில் சொன்ன சுடுகாட்டுக்கு வருகிறோம். ஆதிச்சநல்லூர் ஒரு இடுகாடு. நாம் பெருமை கொள்வது, நம் முன்னோர் செத்தவரை எவ்வளவு அக்கறையோடு அனுப்பினார்கள் என்பதைப் பார்த்து. மூவாயிரம் வருட இடுகாட்டுக்கு வேலி போட்டு, கண்ணாடித் தளம் போட்டு, மேலே நின்று குனிந்து பார்க்கிறோம். 2020 மத்திய பட்ஜெட்டில் அதற்குத் தனி அறிவிப்பு, 2023இல் அங்கேயே அருங்காட்சியகம். நல்லது, வேண்டியதுதான். அதே தமிழ்நாட்டில், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்துக்குள் போகிறது என்பதால் தடுக்கப்பட்டிருந்தது. அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியிருந்ததும் நமக்குத் தெரிந்த கதை. குமரி மாவட்டத்துக்காரர்கள் 'இங்கே அதெல்லாம் இல்லை, நாங்கள் படித்த மாவட்டம்' என்று சொல்வது வழக்கம். உங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு, எத்தனை கல்லறைத் தோட்டம், எது எந்தத் தெருவுக்கு என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள். எங்கள் வேலையில் நாங்கள் போகிற ஊர்களில் ஒன்றுக்கு மேல் இருப்பதுதான் வழக்கம். தார் ரோடு ஒன்றுக்கு மட்டும் போகும். மற்றொன்றுக்கு வாய்க்கால் வரப்பில் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போக வேண்டும்.

சாதி வேறுபாடு இல்லாத மயானம் இருக்கும் ஊர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசே அறிவித்திருக்கிறது. அப்படி ஒரு பரிசு தேவைப்படுகிறது என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், சுடுகாடு, இடுகாடு, பொதுப்பாதை, ஆறு, குளம் இவற்றைப் பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வட்டாட்சியர் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று கூப்பிட்டு, 'இந்தத் தடவை மட்டும் வேறு வழியா எடுத்துட்டுப் போங்க' என்று சமாதானம் பேசும்போது, இந்தப் பிரிவை எழுத்தில் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால் அடுத்த சாவுக்கும் அதே வரப்புதான்.

புலியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. அந்த வெண்கலப் புலியைச் செய்தவர் புலியை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். தாமிரபரணி பிறக்கிற பொதிகை மலையில் இன்றைக்கும் புலி இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அதுதான். அதே மலைத்தொடரின் இந்தப் பக்கம் நம் கோதையாறு, பேச்சிப்பாறை. (நம் மாவட்டத்திலும் குழித்துறை வழியாக ஒரு தாமிரபரணி ஓடுகிறது, அது வேறு ஆறு.) அந்தக் காட்டில் தலைமுறையாக இருப்பவர்கள் காணி மக்கள். புலியோடும் யானையோடும் இத்தனை காலம் வாழ்ந்தவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சேர வேண்டிய பட்டாவும் சமூக உரிமையும் கேட்டு நடக்க வேண்டியிருக்கிறது. வெண்கலப் புலிக்குக் கண்ணாடிப் பெட்டி, உயிர்ப்புலிக்குக் காப்பகம், காணிக்காரருக்கு மட்டும் 'நாளைக்கு வாங்க'.

என்ன செய்யலாம் என்று கேட்கிற தோழர்களுக்கு, எங்கள் கையில் இப்போது இருக்கிற வேலையைச் சொல்கிறோம். ஆதிச்சநல்லூருக்கும் எழும்பூருக்கும் மாலைநேரப் படிப்பகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் திட்டமிட்டிருக்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் தேதி வையுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி: யார் செய்தது, யார் தோண்டியது, யார் பெயர் எழுதியிருக்கிறது. அடுத்து, தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் இந்தியத் தொல்லியல் துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறோம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளில் வேலை செய்த தினக்கூலித் தொழிலாளர்கள் எத்தனை பேர், நாள் கூலி எவ்வளவு, வருகைப் பதிவேடு பாதுகாக்கப்பட்டிருக்கிறதா, அறிக்கையில் அவர்கள் பெயரைச் சேர்க்க ஏதாவது விதி இருக்கிறதா என்பவை கேள்விகள். கட்டணம் பத்து ரூபாய். மூன்றாவதாக, குமரி மாவட்டத்தில் ஊராட்சி வாரியாகச் சுடுகாட்டுக் கணக்கு எடுக்கிறோம். எத்தனை, எந்தச் சாதிக்கு, பாதை யார் நிலத்தில், தண்ணீரும் விளக்கும் கொட்டகையும் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். படிவம் தயாராக இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. கல்குளத்துக்கும் விளவங்கோட்டுக்கும் இன்னும் நடக்கத் தயாரான கால்கள் வேண்டும்.